ஏஜென்ட் இல்லாமல் ஒப்பந்தம் பேசுவது: கடலூர், புதுச்சேரி வீரர்கள் கேட்ட கேள்விகள்

ஏழு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் மாலையில் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மாதம் ஒன்றிரண்டு முறை புதுச்சேரி உப்பளம் மைதானத்துக்கும் போவேன். கபடியோ வாலிபாலோ கிரிக்கெட்டோ, ஆட்டம் எதுவாக இருந்தாலும், கையில் ஓர் ஒப்பந்தத் தாள் வந்ததும் எல்லோரும் கேட்கிற சந்தேகங்கள் ஒன்றுதான். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் தாளின் படத்தை அனுப்பி, "நாளைக்குக் காலையில கையெழுத்து போடணும், பாருங்க" என்பார்கள். திரும்பத் திரும்ப அனுப்பிய பதில்களை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். சட்டம் வரும் இடங்களைக் கடலூரில் வழக்கறிஞராக இருக்கும் என் அக்கா பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

அண்ணா, ஏஜென்ட் இல்லாம நானே பேசி கையெழுத்து போடலாமா? தப்பு ஒண்ணும் இல்லையே?

போடலாம். ஒப்பந்தம் உங்களுக்கும் அணிக்கும் இடையில் நடப்பது. நடுவில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கால்பந்தில் ஏஜென்ட் ஆக வேண்டுமானால் 2023 முதல் ஃபிஃபா (உலகக் கால்பந்து அமைப்பு) நடத்தும் தேர்வை எழுதி உரிமம் வாங்க வேண்டும். அந்த விதிகூட வீரருக்காகப் பேச வரும் அடுத்தவருக்குத்தான். தனக்காகத் தானே பேசும் வீரருக்கு உரிமம் எதுவும் வேண்டாம்.

ஆனால் "ஏஜென்ட் இல்லாமல்" என்பதைத் "தனியாக" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாளைப் படிக்க ஒரு வழக்கறிஞர், விலை சொல்ல ஒரு சீனியர், பேசும்போது பக்கத்தில் உட்கார வீட்டிலிருந்து ஒருவர். இந்த மூன்று பேரும் இல்லாமல் பேசப் போகாதீர்கள்.

ஏஜென்ட் அப்படி என்னதான் செய்றார்? நாலு போன் பேசினதுக்கா நம்ம காசுல பங்கு?

நல்ல ஏஜென்ட் மூன்று வேலை செய்கிறார். எந்த அணிக்கு உங்கள் இடத்தில் ஆள் தேவை என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. உங்களைப் போன்றவருக்கு மற்ற அணிகள் என்ன கொடுக்கின்றன என்று தெரிந்து விலை பேசுவது இரண்டாவது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, வேண்டாததை நீக்கச் சொல்வது மூன்றாவது.

மூன்றாவது வேலையை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டாவதைச் சக வீரர்கள் ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசினால் காசில்லாமலே பெறலாம். முதல் வேலையைத்தான் உண்மையில் நம்மால் எளிதாகச் செய்ய முடியாது. அதனால் உங்களைத் தேடி அணி ஏற்கெனவே வந்துவிட்டதா, இனிமேல்தான் அணி தேட வேண்டுமா என்று முதலில் பாருங்கள். வந்துவிட்டது என்றால், கதவு திறந்த பிறகு கூட வந்து நிற்பவருக்கு ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பெரிய பிளேயர் யாராவது இப்படி செஞ்சிருக்காங்களா, இல்ல நம்மள மாதிரி ஆளுங்க மட்டும்தானா?

செய்திருக்கிறார்கள். மான்செஸ்டர் சிட்டி அணியில் ஆடிய பெல்ஜியம் கால்பந்து வீரர் கெவின் டி புருய்னே 2021 ஏப்ரலில் 2025 வரைக்குமான ஒப்பந்தத்தை ஏஜென்ட் இல்லாமல் முடித்தார். அப்பாவும் வழக்கறிஞரும் உடன் இருந்தார்கள். தன் ஆட்டம் அணிக்கு எவ்வளவு பெறும் என்பதைப் புள்ளிவிவர நிபுணர்களை வைத்து அறிக்கையாகத் தயாரித்து எடுத்துக்கொண்டு போனார். அமெரிக்கக் கால்பந்தில் (என்எஃப்எல் லீக்; பந்தைக் கையில் எடுத்து ஓடும் வேறு ஆட்டம்) லமார் ஜாக்சன் 2023-ல் பால்டிமோர் அணியோடு ஐந்து வருடத்துக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதில் 18.5 கோடி உறுதித் தொகை. அவருக்கு ஏஜென்ட் கிடையாது, அம்மாதான் கூட இருந்து கவனித்துக்கொண்டார். அந்த லீக்கில் ஏஜென்ட் கட்டணம் அதிகபட்சம் 3 சதவீதம். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 78 லட்சம் டாலர் வரை மிச்சம்.

அதே லீக்கில் ரிச்சர்ட் ஷெர்மன் குதிகால் தசைநார் அறுந்து, பழைய அணி விடுவித்த பிறகு, 2018-ல் புது அணியோடு தானே பேசினார். "இத்தனை ஆட்டம் ஆடினால், இந்தப் பெருமை கிடைத்தால்" என்று நிபந்தனை வைத்த பணம் அதில் அதிகம். ஏமாந்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். 2019-ல் நன்றாக ஆடி நிபந்தனைகளை எட்டிப் பணத்தை வாங்கினார். அவர் தெரிந்தே எடுத்த துணிச்சல் அது.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் வீரர்கள் சங்கம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது அங்கே எல்லா வீரருக்கும் தெரியும். நமக்கு அந்த வசதி குறைவு. கால்பந்துக்கு 2006 முதல் வீரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டில் 2019-ல் வந்த சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது.

ஏலத்துல எடுக்கறாங்க சார். அதுல நான் பேச என்ன இருக்கு?

தொகையைப் பேச முடியாது. புரோ கபடியில் 2023, 2024 ஏலங்களில் ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி-க்கு 20, சி-க்கு 13, டி-க்கு 9 லட்சம் என்று அடிப்படை விலை இருந்தது. அதற்கு மேல் அணிகள் போட்டி போட்டால்தான் ஏறும். டிஎன்பிஎல்லிலும் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) 2023 முதல் ஏலம்தான். அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்குப் போனார். புதுச்சேரிக்கு ரஞ்சி ஆடுகிறவர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் 2021-ல் நிர்ணயித்த கணக்கு இருக்கிறது: களமிறங்கும் பதினொருவரில் 20 ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளுக்கு 40 ஆயிரம், 21 முதல் 40 வரை 50 ஆயிரம், அதற்கு மேல் 60 ஆயிரம். இதிலும் பேரம் கிடையாது. வெளிமாநிலத்திலிருந்து தொழில்முறை வீரராக வருகிறவர் மட்டும் சங்கத்தோடு தனியாகத் தொகை பேசுவார்.

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். ஏலம் கூவ ஆரம்பித்த பிறகு படகுக்காரர் பேச ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் மீனை எப்படித் தரம் பிரித்து வைத்தார் என்பது அவர் கையில் இருந்தது. நமக்கும் அப்படித்தான். ஐபிஎல்லில் அடிப்படை விலையை வீரரே குறிப்பிட்ட படிகளிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். ஆசையில் உயர்த்தி வைத்து, யாரும் கை தூக்காமல் போனவர்கள் உண்டு. ஏலத்துக்குப் பிறகும் பயணம், தங்குமிடம், முகாமுக்கு வர வேண்டிய தேதி, காயத்துக்கான சிகிச்சை, தனிப்பட்ட விளம்பரம் ஆகியவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கலாம். கேட்காததால் கிடைக்காமல் போவதுதான் அதிகம்.

எனக்கு என்ன ரேட் சொல்றதுன்னே தெரியலண்ணா. அதிகமா சொன்னா விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பண்ருட்டியில் பலாப்பழம் விற்கிறவர், கோயம்பேட்டில் அன்றைக்கு என்ன விலை என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வியாபாரியிடம் வாய் திறக்கிறார். நாமோ பத்து வருட உழைப்பை விற்கப் போகும்போது யாரையும் கேட்பதில்லை. சம்பளத்தைச் சொன்னால் கண்பட்டுவிடும் என்கிற கூச்சம் நம்மிடம் இருக்கிறது. அணி நிர்வாகத்துக்கு எல்லோருடைய தொகையும் தெரியும். நமக்குள் மட்டும் தெரியாது. விலை இறங்குவது அந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் இடத்தில் ஆடும் ஐந்து பேரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். தயங்கினால் உங்கள் தொகையை முதலில் சொல்லுங்கள், அவர்களும் சொல்வார்கள். ஏல விலைகள் செய்தித்தாளிலேயே வருகின்றன, அவற்றையும் சேருங்கள். ஒரு நோட்டில் பெயர், வயது, எத்தனை சீசன், என்ன தொகை, கையில் வந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உங்கள் கணக்கு: ஆடிய ஆட்டங்கள், ரெய்டு புள்ளிகள் அல்லது ஓட்டங்கள், காயத்தால் விட்ட நாட்கள். காயத்தை மறைக்காதீர்கள், அணிக்கு எப்படியும் தெரிந்துவிடும். இந்த நோட்டோடு போனால் பயம் பாதியாகிவிடும். "அவருக்கு இவ்வளவு, என் கணக்கு இது, அதனால் இவ்வளவு கேட்கிறேன்" என்று சொல்ல வாய் வரும்.

முதல்ல நான் தொகை சொல்லணுமா, அவங்க சொல்ற வரைக்கும் சும்மா இருக்கணுமா?

நோட்டு தயாராக இருந்தால் நீங்களே சொல்லலாம். இல்லையென்றால் அவர்கள் சொல்லட்டும். எப்படி இருந்தாலும் அவர்கள் சொல்லும் முதல் தொகைக்கு அந்த இடத்திலேயே "சரி" சொல்ல வேண்டாம். "வீட்டில் கலந்து பேசி நாளை மறுநாள் சொல்கிறேன்" என்பது மரியாதையான பதில், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. "இன்றைக்கே போடாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், தாளைப் படிக்க விடாமல் செய்ய என்ன காரணம் என்று யோசியுங்கள். போனில் பேசியதை அன்று மாலையே வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பி, "இப்படித்தானே பேசினோம்?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் கோச் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டார்கள். அணி நிர்வாகம் அந்தக் கோச்சை வைத்தே தொகை பேசச் சொல்லும்போது சங்கடம் வரும். "ஆட்டத்தில் நீங்கள் சொல்வதுதான் சார். இது மட்டும் அப்பாவும் மேனேஜரும் பேசிக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிடலாம். நான் சொல்லியிருக்கிறேன், உறவு கெடவில்லை.

தாள்ல முதல்ல எதைப் பார்க்கணும்? 14 பக்கம் இருக்கு.

"வரை" என்ற சொல்லைத் தேடுங்கள். என் மூன்றாவது ஒப்பந்தத்தில் மாதம் 25 ஆயிரம் ரூபாய் "வரை" என்று இருந்தது. நான் 25 ஆயிரம் என்று படித்தேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். பின்னால் ஆறாம் பக்கத்தில், அடிப்படை 9 ஆயிரம், மீதி ஆட்டத்தில் இறங்கினால் மட்டும் என்று இருந்தது. அந்த சீசனில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாடகை போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த கிளப் பொய் சொல்லவில்லை, எழுதித்தான் இருந்தது. நான்தான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

அதனால் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் என்ன நடந்தாலும் வரும் பணம். இன்னொன்றில் ஏதாவது நடந்தால்தான் வரும் பணம். குடும்பச் செலவை முதல் பத்தியை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள். அப்புறம் தேதி: எந்தத் தேதியில் எத்தனை தவணையாகப் பணம், ஒப்பந்தம் எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிகிறது. "சீசன் முடிந்த பின் வழங்கப்படும்" என்று மட்டும் இருந்தால், முடிந்து எத்தனை நாளுக்குள் என்று எண் போடச் சொல்லுங்கள். கடைசியாக, யார் எந்தக் காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற பகுதி. அவர்கள் 15 நாள் நோட்டீஸில் முறிக்கலாம், உங்களால் முடியவே முடியாது என்று இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கேட்டா ஃபார்மாலிட்டி தான் போடுங்கன்னு சொல்றாங்க.

ஃபார்மாலிட்டி என்றால் படித்துவிட்டுப் போடுவதில் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. தாளின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று பின்னால் நீதிமன்றத்தில் சொல்வது மிகவும் கடினம். கையெழுத்துப் போட்டவர் படித்துவிட்டுத்தான் போட்டார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கடலூரில் இருக்கிறது. புதுச்சேரிக்கும் தனி ஆணையம் உண்டு. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் போன்றோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. கபடி ஆடும் பெண் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

காயம் பட்டா என்ன ஆகும்? அதைப் பத்தி ஒண்ணும் பேசவே இல்ல.

பேசவில்லை என்றால் நீங்கள்தான் எடுக்க வேண்டும். மூன்று விஷயம் தனித்தனியாகக் கேளுங்கள்: சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாத நாட்களுக்குச் சம்பளம் உண்டா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சை தொடர்ந்தால் யார் பார்ப்பது. முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை செய்தால் திரும்ப ஆட ஆறிலிருந்து ஒன்பது மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். லீக் நடப்பது இரண்டு மூன்று மாதம். மூன்றாவது கேள்வி எதற்கு என்று இப்போது புரியும். பயிற்சியில் படும் காயமும் சேருமா என்று பாருங்கள். "ஆட்டத்தின்போது" என்று மட்டும் எழுதியிருந்தால் "பயிற்சி, பயணத்தின்போதும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, பாலிசியின் நகலைக் கேளுங்கள்.

கால்பந்தில் ஒரு விதி பயன்படும். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது என்று ஃபிஃபா சொல்கிறது. பரிசோதனை எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ரெண்டு மாசமா சம்பளம் வரல. விட்டுட்டு வந்துடலாமா?

உடனே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வந்துவிட்டால் முறித்தது நீங்கள் என்று ஆகிவிடும். கால்பந்தில் ஃபிஃபா விதி தெளிவாக இருக்கிறது: குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, முழுவதும் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் வீரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். மற்ற ஆட்டங்களில் உங்கள் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். இந்தக் கால்பந்து விதியை மாதிரியாக வைத்து அதே போல ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நோட்டீஸை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட, பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலக்கெடு. "அடுத்த சீசனில் சேர்த்துத் தருகிறோம்" என்ற வாக்கை நம்பி நான்கு வருடம் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் பையனுக்கு 16 வயசு. அகாடமில அஞ்சு வருஷ பாண்டு கேக்கறாங்க. நான் அப்பா, நான் போட்டா போதும்ல?

18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டமும் 1903-ல் பிரிவி கவுன்சில் (வெள்ளையர் காலத்தில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) கொடுத்த தீர்ப்பும் இதற்கு அடிப்படை. அப்பா போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சிறுமி படத்தில் நடிப்பதற்காக அவள் அப்பா போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1949-ல் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைப் போட்டது அந்தப் பெண்தான். தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டாள், கிடைக்கவில்லை. அதாவது செல்லாது என்பது உங்களைக் காப்பாற்றும், அதே சமயம் நீங்கள் பணம் கேட்கும்போது உங்களையே தடுக்கவும் செய்யும்.

கால்பந்தில் ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போடக் கூடாது, பெரியவர்களுக்கே ஐந்து வருடம்தான் உச்சவரம்பு. என் யோசனை: ஐந்து வருட பாண்டு வேண்டாம். வருடா வருடம் புதுப்பிப்பதாகப் பேசுங்கள், படிப்பைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள், பையனின் அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையைக் கட்டிப்போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

டிபார்ட்மென்ட்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. லீக்குக்குக் கூப்பிடறாங்க. ரெண்டும் செய்யலாமா?

முதலில் அலுவலகத்தின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அப்புறம்தான் லீக் கையெழுத்து. இந்த வரிசை மாறக் கூடாது. லீக்கில் வரும் பணத்தை வைத்துக்கொள்ளலாமா, சம்பளத்தோடு விடுப்பா, விடுப்பில் பட்ட காயத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். லீக் தாளில், "அலுவலக அனுமதி கிடைக்காவிட்டால் எந்தப் பக்கமும் இழப்பீடு கிடையாது" என்ற வரி இருக்கட்டும். ஒரு சீசன் பணத்துக்காக ஓய்வு பெறும் வரை இருக்கும் வேலையை ஆபத்தில் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் போட்டோவைப் போட்டு பேனர் வைக்கறேன்னு 10 ஆயிரம் தர்றார். இதுக்கும் ஒப்பந்தம் வேணுமா?

ஒரு பக்கம் போதும். எந்தப் படம், எங்கே, எத்தனை மாதம். இந்த மூன்றும் எழுதாவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் நேரு வீதியில் உங்கள் முகம் தொங்கும். அணியின் ஜெர்சியோடு எடுத்த படத்தைக் கொடுக்காதீர்கள், ஜெர்சியும் சின்னமும் அணியுடையவை. அணியின் விளம்பரதாரருக்குப் போட்டியான கடையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ்னு பிடிச்சுட்டுத் தர்றாங்க. ஏமாத்தறாங்களா?

பெரும்பாலும் இல்லை. டிடிஎஸ் என்பது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டிவிடும் வருமான வரி. தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால், வருடத்துக்கு 50 ஆயிரத்தைத் தாண்டும்போது 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். கட்ட வேண்டிய வரியை விட அதிகம் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். தாக்கல் செய்யாமலே விட்டவர்கள் இங்கே நிறைய. தொகை பேசும்போதே "வரி போக எவ்வளவு, வரியோடு எவ்வளவு" என்று கேட்டுவிடுங்கள்.

"ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் எங்களைக் கேட்டுட்டுதான் வேற இடம் போகணும்"னு ஒரு வரி இருக்கு. இது செல்லுமா?

இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கே இருக்கிறது. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் தன் விளம்பர வேலைகளைக் கவனிக்க ஒரு நிறுவனத்தோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருந்தார். முடிந்த பிறகு அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். வெளியில் வரும் வாய்ப்பை முதலில் எங்களுக்குக் காட்ட வேண்டும், அதே தொகையை நாங்கள் கொடுத்தால் எங்களிடமே இருக்க வேண்டும் என்ற வரியை வைத்துப் பழைய நிறுவனம் வழக்குப் போட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் தொழிலைக் கட்டிப்போடும் அப்படிப்பட்ட வரி ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது என்று சொன்னது.

ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது "வேறு அணிக்கு ஆடக் கூடாது" என்பது செல்லும். லீக் விதிகளும் வேறு விஷயம். புரோ கபடியில் ஏலத்தின் கடைசித் தொகையை ஈடுகட்டிப் பழைய அணியே வீரரை எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. அந்த லீக்கில் ஆடச் சம்மதித்தால் அதற்கும் சம்மதித்ததாகத்தான் பொருள்.

இந்த டீம்ல இருக்கும்போதே இன்னொரு டீம் மேனேஜர் போன் பண்றார். பேசினா தப்பா?

ரவீந்திர ஜடேஜா 2010 ஐபிஎல் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்டார். ராஜஸ்தான் அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு நேரடியாகப் பேசியதுதான் காரணம். அப்போது அவருக்கு 21 வயது. அதனால் லீக்கின் விதியைப் படிக்காமல் போனில் ஒரு வார்த்தைகூட வாக்குக் கொடுக்காதீர்கள். கால்பந்தில் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது அடுத்த கிளப்போடு ஒப்பந்தம் போடலாம், அதற்கு முன் என்றால் இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்த பிறகுதான் அந்த கிளப் உங்களிடம் பேச வேண்டும்.

நடுவுல விட்டுட்டுப் போனா 10 லட்சம் கட்டணும்னு போட்டிருக்கு. நிஜமாவே கட்டணுமா?

எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கும். எழுதியிருக்கும் தொகை அதற்கு மேல்வரம்பு. அதற்காக இந்த வரியை விட்டுவிடாதீர்கள். மாதம் 15 ஆயிரம் வாங்குகிறவர் தலையில் 10 லட்சம் எழுதுவது பயமுறுத்தத்தான். உங்கள் சம்பளத்துக்குப் பொருத்தமான தொகையாகக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அவர்கள் முறித்தாலும் அதே தொகை என்று எழுதச் சொல்லுங்கள்.

தகராறு வந்தா டெல்லில தான் ஆர்பிட்ரேஷன்னு இருக்கு. நான் பாகூர்ல இருக்கேன், டெல்லிக்கு எப்படி அலையறது?

பலரும் கவனிக்காத வரி இது. ஆர்பிட்ரேஷன் என்றால் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவர் தகராறைத் தீர்ப்பது. பாகூரிலிருந்து கடலூருக்கு வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் ஒன்று புதுச்சேரி, மற்றொன்று தமிழ்நாடு. நீதிமன்றங்கள் வேறு. டெல்லி என்றால் இரண்டும் இல்லை. 50 ஆயிரம் பாக்கிக்காக டெல்லிக்கு நான்கு முறை போய்வரும் செலவை நினைத்தே ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். சென்னை என்று மாற்றச் சொல்லுங்கள், மறுத்தால் காணொளி வழியாக நடத்தலாம் என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள். "நடுவரை அணி மட்டுமே நியமிக்கும்" என்று இருந்தால் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. தகராறில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

நான் ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட ஏஜென்ட் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டேன். இப்ப டீம் என்கிட்ட நேரா பேசுது. என்ன பண்றது?

அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்கள். எத்தனை வருடம், அவர் மட்டும்தான் பேசலாம் என்று இருக்கிறதா, நீங்களே கொண்டுவரும் வாய்ப்புக்கும் பங்கு உண்டா. கால்பந்தில் ஏஜென்ட்டோடு போடும் தாள் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அவர் பெயர் ஃபிஃபா உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். மற்ற ஆட்டங்களில் தாள் நடப்பில் இருந்தால் அவருக்குத் தெரியாமல் முடிக்காதீர்கள், பங்கு கேட்டு வழக்கு வரலாம். நேராகப் போய்ப் பேசி, இந்த ஒப்பந்தத்துக்கு மட்டும் இவ்வளவு என்று முடித்துக்கொண்டு எழுதி வாங்குவது நல்லது. காலம் முடிந்திருந்தால், மேலே சொன்ன ஜாகீர் கான் வழக்கு உங்களுக்குத் துணை.

அப்போ ஏஜென்ட்டே வேணாம்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டு கிளப், விசா, இரண்டு மூன்று அணிகள் ஒரே சமயத்தில் கேட்பது, பெரிய விளம்பரங்கள் என்று வரும்போது நல்ல ஏஜென்ட் வாங்கும் காசுக்கு மேல் சம்பாதித்துக் கொடுப்பார். பேசும்போது உங்களைப் பற்றிக் குறையாகச் சொல்வதைக் கேட்டு மனம் உடைகிறவர்களும் உண்டு. "உனக்கு வயசாயிடுச்சு, வேகம் போயிடுச்சு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார்கள். மறுநாள் அதே ஆட்களுக்காக ஆட வேண்டும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றினால் ஆள் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் முன்பணம் கேட்கும் ஏஜென்ட் வேண்டாம். உங்களுக்குப் பணம் வந்த பிறகு அதில் பங்கு என்பவரோடு மட்டும் பேசுங்கள்.

கையெழுத்து போட்டாச்சு. இனிமே என்ன?

எல்லாப் பக்கத்திலும் இரண்டு தரப்புக் கையெழுத்தும் இருக்கும் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். "அனுப்பி வைக்கிறோம்" என்றால் வாங்காமல் நகராதீர்கள். முடியாத பட்சத்தில் அந்த இடத்திலேயே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பணம் வர வேண்டிய தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அப்புறம் அந்த ரேட் நோட்டில் உங்கள் பெயருக்கு நேராக இந்த சீசன் தொகையை எழுதி, அடுத்து கேட்டு வரும் பையனுக்குக் காட்டுங்கள்.